குவித்து வைத்த சருகு

ஆதப்ப செட்டியார் டிராக்டரைக் கொண்டுபோய்ச் சருகுக் குவியலின் நடுவில் விட்டார்.

பல நாளாக ஓட்டி ஓட்டி அவரே சேர்த்த குவியல். வேம்பும் வாகையும் மாவும் பங்குனிக் காற்றுக்கு உதிர்த்ததெல்லாம் ஆளுயரத்துக்கு நின்றது. வண்டியின் பின்னால் பூட்டியிருந்த இரும்புப் பல்சட்டம் அதைக் கிழித்து இழுத்துக்கொண்டு ஓடியது. சட்டத்தைத் தூக்கினார். சருகு பரவலாகக் கொட்டியது. வண்டியைத் திருப்பி மறுபடி குவியலுக்குள் விட்டார்.

யாராவது பார்த்திருந்தால், பெரியவருக்கு மூளை பிசகிவிட்டது என்று திருமயம் வரைக்கும் போய்ச் சொல்லியிருப்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லை. அவருடைய கஷ்டமே அதுதான்.

மலேயாவில் தோட்டத்துத் துரை சீமைக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போன குட்டி டிராக்டர் அது. பங்களாவைச் சுற்றிப் புல் வெட்டவும் இலை வாரவும் துரை வைத்திருந்தார். கப்பலில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து லாரியில் வந்து இறங்கியபோது ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. செட்டியாருக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் மனைவி சாலா மட்டும் அதைக் கொட்டகையை விட்டு வெளியே எடுக்க விடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெரிய தோட்டத்தைக் கூட்டுகிறவர்கள் பக்கத்துத் தெருப் பெண்கள். கூலி கிடையாது. கூட்டின சருகு கூட்டினவளுக்கு. நெல் அவிக்க அதுதான் அவர்களுக்கு விறகு. புருஷன் கடல் தாண்டி இருந்த வருஷமெல்லாம் சாலாவுக்குப் பேச்சுத்துணையும் அவர்கள்தான்.

சாலா போன ஐப்பசியில் கண்ணை மூடினாள்.

அதன் பிறகும் அவர்கள் வந்தார்கள். ஆச்சி இப்படிச் சொல்லும், ஆச்சி அப்படிச் சிரிக்கும் என்று பேசிக்கொண்டே கூட்டினார்கள். உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்க அவரால் முடியவில்லை. அவர் பார்த்த சாலாவைவிட அவர்கள் பார்த்த சாலாதான் அதிகம். பொறாமை என்றே சொல்லலாம். ஒருநாள் கொட்டகையைத் திறந்து வண்டியை வெளியே எடுத்துவிட்டார்.

பெண்கள் வந்தபோது தோட்டம் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. பின்கேட்டில் நின்று பார்த்தார்கள். விளக்குமாற்றோடு அப்படியே திரும்பிப் போனார்கள். அப்புறம் வரவே இல்லை.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. போகப் போக வீடு அவரைப் போட்டு அமுக்க ஆரம்பித்தது. மகன் மெட்ராஸில். சமையலுக்கு வரும் பழனிச்சாமி, உப்பு போதுமா என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கிற ஆள் இல்லை. சாலா பேரைச் சொல்ல அந்த வீட்டில் ஒரு வாய் இல்லாமல் போயிற்று. எதைக் கேட்கப் பிடிக்காமல் காதைப் பொத்திக்கொண்டாரோ, அதைக் கேட்க இப்போது ஏங்கினார்.

குவித்து வைத்திருக்கிற சருகை வந்து அள்ளிக்கொண்டு போகட்டும் என்று, பால் ஊற்றுகிற ராக்கனிடம் சொல்லி அனுப்பினார். மறுநாள் ராக்கன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"தாங்க கூட்டாததை எப்புடிங்கய்யா அள்றதுங்கிறாளுக. பிச்சை எடுத்த மாதிரி ஆயிருமாம்."

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் இன்றைக்குக் குவியல் கலைந்துகொண்டிருந்தது.

வண்டி நுழைய முடியாத சுவரோரத்துக்கு வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிச்சத்தைக் காலாலேயே எற்றிவிட்டார். மூச்சு வாங்கியது. யார் வரப்போகிறார்கள் என்றும் இருந்தது.

பின்கேட்டில் யாரோ நின்றார்கள்.

அடைக்கலமேரி. கூட்டிக்கொண்டிருந்தவர்களில் மூத்தவள். கக்கத்தில் சாக்கும் கையில் விளக்குமாறுமாக, தூரத்து முந்திரிக்காட்டுக்குச் சருகு அரிக்கப் போகிறவள், கேட்டுக்குள் எட்டிப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்கய்யா, எலை இப்புடிக் கெடக்கு? மிசினு ஓடலீங்களா?"

"கெட்டுப்போச்சாத்தா" என்றார். "இனி அது சரிப்படாது."

வாழ்நாளில் யாவாரத்துக்குக்கூட இவ்வளவு சுத்தமாக அவர் பொய் சொன்னதில்லை.

அடைக்கலமேரி உள்ளே வந்தாள். சாக்கை வைக்க இடம் தேடி டிராக்டரின் இன்ஜின் மூடிமேல் போட்டுவிட்டு, பக்கத்தில் உள்ளங்கையை ஊன்றினாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இரும்பு கொதித்துக்கொண்டிருந்தது.

செட்டியார் தலையைக் குனிந்துகொண்டார். இந்த வயதில் இப்படி மாட்டிக்கொண்டோமே என்று கூசியது.

அவள் கையைப் பார்த்தாள். சருகுக்குள் புதிதாக விழுந்திருந்த சக்கரத் தடங்களைப் பார்த்தாள். மடித்துக் கட்டிய வேட்டியோடு நின்றவரையும் பார்த்தாள்.

திரும்பிக் கேட் வரைக்கும் போனாள். சூடுபட்ட கையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு, தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏய் அமராவதி! எல்லாரும் வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டு வாங்கடி! சாலாச்சி தோட்டத்துல எலை மண்டிக் கெடக்கு. ஐயா மிசினு செத்தே போச்சு, நான் தொட்டுப் பாத்துட்டேன்!"