ஆளுக்கு இரண்டு ஓவர்

கடத்தூருக்கு வெளியே, வறண்ட ஏரிக்குள் வெயில் சாய்கிறது. வெடித்த சேற்றில் ஊன்றிய மூன்று சவுக்குக் குச்சிகளின் நிழல் நீண்டு, மட்டை பிடித்து நிற்கும் மஸ்தானின் வெறுங்காலைத் தொடுகிறது. காலையிலிருந்து பந்து பொறுக்கியவன் அவன். உலகக் கோப்பையை ரேடியோவில் கேட்டதிலிருந்து ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் மட்டை வேண்டும்; பெரிய பையன்கள் விட்டால்தானே. சின்னவர்கள் சலித்துப்போய் வராமலே நின்றுவிட்டார்கள். அதற்காகத்தான் டிரில் மாஸ்டர் மதலைமுத்து இன்று ஆட்டத்தையே மாற்றினார்: அவுட்டானாலும் சரி, ஆளுக்கு இரண்டு ஓவர். நல்ல எண்ணம்தான். எல்லோரும் வந்தார்கள். தன் இரண்டு ஓவர் முடிந்ததும் ஒவ்வொருவனாகக் கரையேறிப் போய்விட்டான். மறுபடி மட்டை கிடைக்காது என்று தெரிந்த பிறகு எவன் வெயிலில் நிற்பான்?

"எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டானுங்க சார்."

"போனா போறானுங்க வுடு. உன் ரெண்டு ஓவர் உனக்கு உண்டு. ஆடுடா."

மாஸ்டர் பந்தைக் கால்சட்டையில் தேய்த்து மெதுவாகப் போடுகிறார். மட்டையில் பட்ட சத்தம் ஏரிக்கரையில் மோதித் திரும்புகிறது. பந்து எழும்பி, அவர் தலையைத் தாண்டி, கருவேல மரங்களுக்கு அப்பால் விழுகிறது. இந்த ஏரியில் இதுவரை எவனும் அவ்வளவு தூரம் அடித்ததில்லை. "சிக்ஸு!" என்று மாஸ்டர் இரண்டு கைகளையும் தூக்குகிறார். அவர் குரல் மட்டும் கேட்கிறது. மஸ்தான் ஆளில்லாத கரையை ஒருமுறை பார்க்கிறான். பிறகு மட்டையைக் குச்சிகளின் மேல் சாய்த்துவிட்டு, பந்து பொறுக்க ஓடுகிறான்.