கட்டெறும்பு

மேசைமேல் இரண்டு லேப்டாப்புகள் இருந்தன. என் மகனுக்கு எது வேண்டுமென்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே மற்றதை வாங்க நினைத்தேன்.

"மேடம், கேம் விளையாடுற பையன்னா கண்ணை மூடிக்கிட்டு இதை எடுங்க. ரெண்டும் ஒரே விலைதான்," என்றாள் கடைப்பெண்.

அவள் காட்டியது கறுப்பு. பதினாறு அங்குலத் திரை, எழுத்துகளுக்கு அடியில் நிறம் மாறும் விளக்கு, எவ்வளவு நேரம் ஆடினாலும் சூடாகாதாம். அவள் சொல்லச் சொல்ல நானும் மனசுக்குள் கூடவே ஒப்பித்தேன். மாடல் நம்பர்கூட மனப்பாடம்.

ஆனால் அவன் என்னிடம் இதையெல்லாம் கேட்கவேயில்லை. கட்டெறும்பிடம்தான் சொன்னான்.

கட்டெறும்பு நான்தான்.

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இருந்தும் ஒரு நாளைக்கு அவன் வாயிலிருந்து எனக்குக் கிடைப்பது நாலு "ம்", ரெண்டு "தெரியல". அதே பிள்ளைக்கு கேமுக்குள் போனால் பெயர் 'இடிமுழக்கம்'. முகம் தெரியாதவர்களோடு மணிக்கணக்கில் அரட்டை.

எட்டு மாதத்துக்கு முன்னால் வயிற்றெரிச்சல் தாங்காமல் அந்த கேமை என் போனிலும் ஏற்றினேன். எங்கோ இருக்கும் ஒரு பையன்மாதிரி பெயர் வைத்துக்கொண்டு அவன் அணியில் போய்ச் சேர்ந்தேன். மைக் ரிப்பேர் என்று சொல்லிவிட்டதால் டைப் அடிப்பதோடு சரி.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். சாயங்கால டீ இடைவேளையில் பின்னறையில், ஃபிரேம் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு துப்பாக்கி சுடுவேன். இதுவரை உருப்படியாக ஒருத்தனையும் சுட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் இடிமுழக்கம் ஓடிவந்து என்னைக் காப்பாற்றுவான். பழக்கதோஷத்தில் "சாப்பிட்டியா?" என்று அடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட நாட்களும் உண்டு.

வகுப்பில் யார் சீண்டுகிறார்கள், எந்தப் பாடம் மண்டையில் ஏறவில்லை, மீசை ஏன் இன்னும் வரவில்லை, எல்லாம் கட்டெறும்புக்குத் தெரியும். அம்மா சமையலில் உப்பு தூக்கல் என்று ஒருநாள் புலம்பினான். மறுநாளே குறைத்துவிட்டேன்.

இப்போது அந்தக் கறுப்பைக் கொண்டுபோய் நீட்டினால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் சாம்பல் நிறத்தைக் காட்டினேன். அம்மா விவரம் தெரியாமல் வாங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளட்டும். கடைப்பெண் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

பெற்ற பிள்ளைக்குத் தெரிந்தே மட்டமானதை வாங்குகிறேன். இதைவிட மட்டமான ஒன்றையும் செய்திருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வருகிற திங்கட்கிழமை அவன் என் அக்கா வீட்டுக்குப் போகிறான். இரண்டு வருஷத்துக்கு.

எங்கள் கடை தூரத்தில் இன்னொரு கிளை திறக்கிறது. அதன் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். தங்குவதற்கு ஓர் அறை, ஓர் ஆளுக்கு மட்டும். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. பதினோரு வருஷம் அடுத்தவர் சொன்னதைச் செய்தவளுக்கு, நாலு பேருக்கு வேலை சொல்லும் நாற்காலிமேல் ஆசை வந்துவிட்டது.

"பெரியம்மா வீட்ல இருந்துக்குவியாடா?" என்று கேட்டேன்.

"ம்" என்றான்.

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டானே என்று அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் கட்டெறும்புக்குச் செய்தி வந்தது. "பெரியம்மா வீட்டுக்குப் போகப் பிடிக்கலடா. அம்மாகூடவே இருக்கணும்."

மூன்று வாரமாகத் தினமும் ஏதாவது ஒரு சாக்கில் அதையே சொல்கிறான். நானும் தினமும் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு, "அடுத்த ரவுண்ட் போலாமா?" என்று பேச்சை மாற்றினேன். கட்டெறும்புக்குத் தெரிந்தது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தள்ளினேன். பெட்டிகூடக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அது உறுத்தி உறுத்தித்தான் லேப்டாப் வாங்க வந்தேன். வந்த இடத்திலும் இப்படி.

கடைப்பெண் சாம்பல் நிறத்தை அட்டைப்பெட்டிக்குள் இறக்கினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓரமாக நகர்ந்து போனை எடுத்தேன்.

"டேய், உங்கம்மா வேற லேப்டாப் வாங்கிட்டு வந்தா என்னடா பண்ணுவ?"

சனிக்கிழமை, வீட்டில்தான் இருந்தான். பார்த்துவிட்டான் என்று காட்டியது. டைப் அடிக்கிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. வழக்கமாக நொடியில் பதில் சொல்கிறவன். கடைப்பெண் பில்லுக்கு யார் பெயர் போடுவது என்று கேட்டாள். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.

பிறகு வந்தது.

"அம்மா, எனக்கு லேப்டாப்பே வேணாம். போகப் பிடிக்கலன்னு மூணு வாரமா உன்கிட்டதானே சொல்லிட்டிருக்கேன்."