பின் இடது சக்கரம்

மேசைமேல் இரண்டு பெட்டிகள் திறந்திருந்தன.

ஒன்றில் கறுப்பு ஸ்பிரிங். இன்னொன்றில் நீலம்.

அவள் கறுப்பை எடுத்து நிறுத்தி, உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள். கையால் அமுக்கினால் எந்தக் கார் ஸ்பிரிங்கும் இறங்காது. அது அவளுக்குத் தெரியும். அமுக்கிக்கொண்டே நின்றாள்.

"நீலம் கொஞ்சம் எளக்கமுங்க்கா. கறுப்பு கல்லாட்டம் இருக்கும்," என்றான் மெக்கானிக் சென்னியப்பன். "பின்னாடி சீட்டுல..."

நிறுத்திக்கொண்டான். சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தான்.

பின் ஸ்பிரிங் மாற்ற வருகிற எல்லோரிடமும் அவன் கேட்கிற கேள்விதான். பின்னால் யார் உட்காருவார்கள்?

அது தெரியாமல் ஸ்பிரிங் எடுக்க முடியாது. அவளுடைய கார் சின்னது, இன்ஜின் முரடு. இழுப்பது முன் சக்கரங்கள். வேகத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் மூக்கு திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். பின்பக்கத்தை விறைப்பாக்கிவிட்டால் வால் வீசிக்கொண்டு வந்து மூக்கைத் திருப்பிவிடும். செட்டிபாளையம் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு அதுதான் வேண்டும். ஆனால் பின் சீட்டில் இருப்பவருக்குப் பள்ளம் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் ஏறும்.

இத்தனை நாள் அங்கே உட்கார்ந்து வந்தவன் தாமு. அவள் கணவன்.

டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவனால் முன் சீட்டில் நிமிர்ந்து இருக்க முடியாது. பின்னால், இடது ஓரமாகச் சாய்ந்து, காலைச் சீட்டின் மேல் நீட்டிக்கொள்வான். அவள் ஆசைப்பட்டு வாங்கிய கறுப்பு ஸ்பிரிங் பெட்டி அதனால்தான் இன்றுவரை பிரிக்கப்படாமல் இந்தப் பட்டறையின் அலமாரியில் கிடந்தது. காரில் இருந்தது கிடைத்ததிலேயே மெத்தென்ற ஸ்பிரிங்.

அதுவும் அவனுக்குப் போதவில்லை.

"ஏனம்மிணி, ரோட்டுல இருக்கற கல்லையெல்லாம் எனக்கு அறிமுகம் பண்ணி வெக்கறியே," என்பான், கண்ணைத் திறக்காமல்.

வேகத்தடை வந்தால் மட்டும் பேச மாட்டான். பல்லைக் கடித்துக் கைப்பிடியைப் பற்றிக்கொள்வான். அவள் "தாண்டியாச்சு" என்ற பிறகுதான் விடுவான்.

அவனை எரித்துவிட்டு வந்தபோது அவள் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. பார்க்க வந்தவர்கள், தைரியமான பொம்பளை என்றார்கள்.

ஸ்பிரிங் அடியை வாங்கும். அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் அமுங்கிய ஸ்பிரிங் எழுவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். பிறகு அதற்கடுத்தது. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி ஆடாமல் போகும். உள்ளே தாழ்ந்துகொண்டே இருக்கும்.

"கறுப்பு," என்றாள்.

சென்னியப்பன் நீலப் பெட்டியை மூடினான்.

பூட்டி முடித்ததும் உயரம் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு திருகு வளையம். அதைச் சுற்றினால் அந்த மூலை ஏறும், இறங்கும். ஆனால் காலி வண்டியில் பார்க்கிற உயரம் பொய். ஆள் ஏறினால் மாறிவிடும். அதனால் சென்னியப்பன் ஆளின் எடைக்கு மணல் மூட்டை கட்டி, அவரவர் சீட்டில் வைத்துவிட்டுத்தான் வளையத்தில் கை வைப்பான்.

தாமுவுக்கும் ஒரு மூட்டை இருந்தது.

"அண்ணன் இப்ப எவ்வளவு இருக்கறாருங்க்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். அவள் சொல்வாள். அவன் மூட்டையை அவிழ்த்துக் கொஞ்சம் மணலை வெளியே அள்ளிப் போடுவான். திரும்பக் கட்டுவான். அவன் நலம் விசாரித்தது அப்படித்தான். வேறு எதுவும் கேட்டதில்லை.

இன்று ஓட்டுநர் சீட்டில் அவளுடைய மூட்டையை வைத்துக் கதவைச் சாத்தினான். வண்டிக்கு அடியில் போகக் குனிந்தான்.

அவள் மூலைக்குப் போய் மற்ற மூட்டையை இழுத்தாள். பாதிச் சாக்கு வெறுமனே மடிந்து தொங்கியது. சிமெண்டுத் தரையில் கரகரவென்று வந்தது.

"அக்கா, அது வேண்டாமுங்க்கா. அது..."

"ஒரு கை பிடிங்க."

பிடித்தான்.

பின் சீட். இடது ஓரம். பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

அந்த மூலை தாழ்ந்தது.

சென்னியப்பன் ஸ்பேனரை எடுத்தான். பிறகு அடியில் போய்ப் படுத்து வளையத்தைச் சுற்றினான். தாழ்ந்த மூலை மற்ற மூன்றோடு மட்டமாகும் வரை சுற்றினான். வெளியே வந்தபோது முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

மூட்டைகளை இறக்கினார்கள்.

வண்டியின் பின் இடது மூலை மட்டும் எழுந்து நின்றது. ஒரு விரல் உயரம் அதிகம்.

"இப்படியே உட்டா திருப்பத்துல ஒரு பக்கமா தள்ளுமுங்க்கா. எறக்கிறட்டுங்களா?"

"இருக்கட்டும்."

அவள் வண்டியை எடுத்தாள். கறுப்பு ஸ்பிரிங் தெருவின் ஒவ்வொரு கல்லையும் சீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

தெருமுனையில் வேகத்தடை.

வழக்கம்போல வண்டியைக் குறுக்காக ஒடித்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினாள். ஒவ்வொன்றாக இறக்கினாள். பின்னால் ஒரு மினி பஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

கடைசியாகப் பின் இடது சக்கரம். அதை இன்னும் மெதுவாக விட்டாள்.

"தாண்டியாச்சு," என்றாள்.