வாசிகசாலை மாப்பிள்ளை

“குமரொருத்தி தனிய இருக்கிற இடத்துக்குக் கள்ளனைப்போல வந்து போறவன் ஆரெண்டாலும் சரி, அவனுக்கு வெக்கமில்ல, ரோசமில்ல. ஒரு குடும்பத்தின்ட மானத்தையே தின்னுறான்.”

சாரன் வியாபாரி ஷரிபுதீன் தேத்தண்ணிக் கடையில் நின்று சத்தம் போட்டார். கடைக்கார பக்கீர் முகைதீன் குவளையைக் கழுவியபடியே, ஆளைக் கண்ணால் காணவில்லை, குரலைத்தான் கேட்டேன் என்று திரும்பவும் சொன்னார். லுஹர் தொழுகைக்கு வாசிகசாலைக் கதவைச் சாத்தின பிறகு உள்ளே ஓர் ஆண்குரல் வாசிக்கிறதாம். ஹிமாயா சிரிக்கிறாளாம்.

ஷரிபுதீனை நானா என்று கூப்பிடுகிற ஒரே தங்கச்சி ஹிமாயா. ஊர் வாசிகசாலையில் நூலகர். நாற்பது தாண்டியும் கலியாணம் சரிவரவில்லை. இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்குக் குடிவருவான். பேசி வந்தவர்களெல்லாம் வீடு எங்கே என்று கேட்டார்கள். உள்வேலை இன்னும் முடியவில்லை என்றார் ஷரிபுதீன். அதற்கு மேலும் கேட்டவர்களைப் பிச்சைக்காரனுகள் என்று ஏசி விரட்டினார். சீதனம் வாங்குகிறவன் ஆம்பிளையா என்று பள்ளிவாசல் கூட்டத்தில் எழும்பிக் கேட்ட மனிசன் அவர்.

“சிரிக்கிற வயசா இது?” என்றவர், தேத்தண்ணியைத் தொடாமலே நடந்தார். தெருவில் போகிறவன் வாறவனெல்லாம் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வாசிகசாலைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தார்.

பக்கீர் முகைதீன் சொன்னது பொய்யில்லை. ஹிமாயாவுக்கு எதிர்க் கதிரையில் வெள்ளைச் சாரனோடு ஒருவன் இருந்து வாசித்துக்கொண்டிருந்தான். கரண்ட் இல்லை; தலைக்கு மேலே காற்றாடி சுற்றியது. அவன் கையில் கரையான் தின்ற புத்தகம். வாசிக்க வாசிக்க, ஓட்டை விழுந்த இடமெல்லாம் எழுத்து முளைத்தது.

அதையெல்லாம் பார்க்கிற நிலையில் ஷரிபுதீன் இல்லை. கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும், நானா” என்றான் அவன்.

சலாத்துக்குப் பதில் சொல்லாமல் ஒருத்தனை எப்படி அடிக்கிறது? கையை இறக்கி, “வ அலைக்குமுஸ்ஸலாம்” என்று முணுமுணுத்துவிட்டு, பிறகுதான் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். பிடித்த பிடிக்குள் ஒன்றுமில்லை. கையில் புதுப் புத்தகத்தின் வாசம் மட்டும் ஒட்டியிருந்தது.

“ஜின்தான் நானா” என்றாள் ஹிமாயா. அவள் தலை குனியவில்லை. “ஆருக்கும் ஒரு கரைச்சலும் குடுக்கல்ல. எனக்கு வாசிச்சுக் காட்டுறார், அவ்வளவுதான்.”

வேறொருத்தரென்றால் ஓடியிருப்பார். ஷரிபுதீன் கல்முனை பசாரில் நிலத்தில் பாய் விரித்து யாவாரம் தொடங்கியவர். பயம் வந்தால் அவருக்குப் பேரம் வரும். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். எந்த ஊர், என்ன குடிவழி, என்ன தொழில் என்று மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரியே விசாரித்தார். ஜின்னும் மரியாதையாகச் சொன்னான். ஊர், பழைய கிணற்றடி. குடி, பேர் சொன்னால் மனிசருக்கு விளங்காது. தொழில், வாசிப்பு.

“தொழிலே இல்லையெண்டு சொல்லு” என்றார் ஷரிபுதீன். “சரி, ரெண்டில ஒண்டு. நிக்காஹ் முடிக்கிறியா, இல்லாட்டி இடத்தைக் காலி பண்ணுறியா?”

ஜின் புத்தகத்தை மூடினான்.

“நிக்காஹ் எண்டா, பொம்பிளைக்கு வீடு எங்க நானா?”

ஷரிபுதீன் தலையில் கைவைத்தார். “மனிசன்தான் கேக்கிறானெண்டு பாத்தா, ஜின்னுமா?”

“எனக்கு வீடு என்னத்துக்கு? ரெண்டு புத்தகத்துக்கு நடுவில படுத்துக்கொள்ளுவன். வீடு கேக்காத ஒருத்தன் இந்த உலகத்திலயே இல்லையா எண்டு இவ அந்த அலுமாரிக்குப் பின்னால நிண்டு அழுதா. மனிசரில ஆரும் வரல்ல. நான் வந்தன்.”

ஷரிபுதீனின் முகம் மலர்ந்தது. சல்லிக்காசு செலவில்லாத மாப்பிள்ளை. “நீதான் ஆம்பிளை” என்று சொல்லவும் செய்தார்.

“நான் எனக்கெண்டு கேக்கல்ல” என்றான் ஜின். “பள்ளிவாசலுக்குப் பின்னால, இவட வாப்பா கண்மூடி மௌத்தாக முந்தி இவக்கெண்டு கட்டி முடிச்ச வீடு ஒண்டு இருக்கே. அதுக்குள்ள ஆர்ட சாரன் பொதி கிடக்கு?”

ஷரிபுதீனின் பொதிகள்தான். ஒரு பெருநாள் யாவாரம் முடியுமட்டும் என்றுதான் பொதிகளை அங்கே இறக்கினார். பிறகு எடுக்கவேயில்லை; கதவைப் பூட்டிய திறப்பும் அவர் மடியிலேயே தங்கிவிட்டது. தங்கச்சியைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டு உள்வேலை பாதியில் நிற்கிறது என்று நானா ஊருக்குச் சொன்ன பொய்யை, கேட்டவர்களுக்கெல்லாம் அவளும்தான் இத்தனை காலமாய்ச் சொல்லி வந்தாள். நானாவை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று.

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் பழகின வாய் சும்மா இருக்குமா?

“வீட்டைக் குடுத்தா,” என்றார் நிலத்தைப் பார்த்தபடி, “நீ இவளை விட்டுப் போயிடுவியா?”

“ஓம்” என்றான் ஜின். மூடின புத்தகத்தை ஹிமாயாவின் பக்கம் நகர்த்தினான். “வீடிருந்தா மனிசனொருத்தன் வருவான். நான் போயிடுவன்.”

ஹிமாயா எழும்பி வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

“அவர் போறதும் இரிக்கிறதும் அவருக்கும் எனக்கும் உள்ள கதை. நீங்க அதில விலை பேசாதீங்க நானா. என்ட வீட்டுத் திறப்பைத் தாங்க.”