ஆறடி

விவாகரத்து கிடைத்த அன்று மாலை, வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்காகச் சுகந்தி பூங்காவுக்கு வந்தாள். எபினேசரும் அவளும் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்ததுமே பெஞ்சில் பொருத்தியிருந்த அலாரம் அலறியது. காவலாளி வந்து இருவரின் அடையாள அட்டைகளையும் பார்த்தார்.

"ஒரே வீட்டுக்காரங்கதாம்மா பெஞ்சுல உக்காரலாம். உங்க பேரைக் காலையிலேயே பிரிச்சிட்டாங்க. வட்டத்துக்குப் போங்க."

தொற்று ஒழிந்து ஒன்பது வருடமாகியும் தரையில் அந்த வெள்ளை வட்டங்கள் ஒழியவில்லை. ஆறடி தள்ளி ஆளுக்கொன்றில் போய் நின்றார்கள். அங்கிருந்து முணுமுணுத்தால் காதில் விழாது.

"அந்த ஒத்தத் தலைவலி இப்ப எப்படி இருக்கு?" என்று எபினேசர் கத்தினான். பூங்காவே திரும்பிப் பார்த்தது.

பதினோரு வருடம் தோள் உரச உட்கார்ந்தபோது அவன் கேட்காத கேள்வி. சுகந்தி ஓரடி முன்னால் வைத்தாள்.

காவலாளி விசில் ஊதினார்.