லேசான சைக்கிள்

நான் ஒரு பி.எம்.எக்ஸ் சைக்கிள். உருவம் குட்டை, கவலை மட்டும் லாரி அளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்மேட்டைத் தாண்ட முடியாமல் பாதியிலேயே விழுந்தேன். என்னை ஓட்டும் ரோஸ்லின், "சரியான கனம் இது. அடுத்த வாரமும் தாண்டலைன்னா வேற சைக்கிள்தான்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

முதலில் செயின் கவரைக் கழற்றிப் போட்டேன். அடுத்து, வித்தை காட்டும்போது கால் வைக்கிற இரும்புக் குழாய்களை உதிர்த்தேன். சீட்டுக்குள் இருந்த பஞ்சைக்கூட விடவில்லை. அப்படியும் மனசு ஆறவில்லை.

"காத்துக்கும் எடை உண்டாமே?" என்று மூலையில் நின்ற பம்பிடம் கேட்டேன்.

"வெங்காயத் தோல் அளவுக்கு இருக்கும் அக்கா."

"அதை மட்டும் நான் ஏன் சுமக்கணும்?"

"அக்கா, உன்னைச் சுமக்கறதே அதுதான்!"

"காத்து அடிக்கறதுதான் உனக்குப் பொழப்பு. நீ வேற எப்படிப் பேசுவே?" என்று சொல்லிவிட்டு, வால்வைத் தளர்த்திப் பாதிக் காற்றை வெளியே விட்டேன்.

அடுத்த ஞாயிறன்று ரோஸ்லின் அவசரத்தில் எதையும் கவனிக்காமல் ஏறி மிதித்தாள். மேட்டின் அடியிலேயே பின் டயர் அமுங்கி, டியூப் நசுங்கிக் கிழிந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

"நாளைக்கே வேற சைக்கிள் பாக்கணும்" என்று முனகினாள். "ஆனா அடேயப்பா, இது என்ன லேசு!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் கடைசியாகச் சொன்னதுதான் என் காதில் விழுந்தது.