எனக்குச் சுடலையே

ஒரு கணினிப் பெட்டிக்குள், கணக்கெல்லாம் போடும் பிராசசரும், அதன் சூட்டை வாங்கிக்கொள்வதற்காக அதன் தலைமேல் உட்கார்ந்த அலுமினியக் கட்டையும் பல வருடங்களாகச் சேர்ந்தே இருந்தன. சூடு மேலே ஏறுவதற்கென்று இரண்டுக்கும் நடுவே மெல்லிதாகப் பசை பூசியிருந்தது.

ஒருநாள் பிராசசர், "அண்ணே, தாங்க முடியலை. எரியுது" என்றது.

கட்டை தன் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தது. சில்லென்றுதான் இருந்தது.

"உன் மேலேயேதான் உட்கார்ந்திருக்கேன். எனக்குச் சுடலையே!"

"இல்லண்ணே, நிஜமாத்தான்..."

மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி சிரித்தது. "கொஞ்சம் வேலை கூடினாப் போதும், தம்பிக்கு ஜுரம் வந்துடும்."

கட்டைக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் மனம் கேட்காமல் இன்னொரு முறை தடவிப் பார்த்தது. அதே குளிர்ச்சி. பொய்தான் சொல்கிறான் என்று முடிவு கட்டியது. பிராசசர் எரிய எரியக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் பெட்டி தானாக அணைந்துபோனது.

பழுது பார்க்க வந்தவர் கட்டையைத் தூக்கியபோது, காய்ந்துபோன பசை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கருகிய பிராசசரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். புதுப் பசை பூசிக் கட்டையை அதன்மேல் உட்காரவைத்தார்.

சுவிட்சைப் போட்டதும் கட்டையின் அடியில் சுள்ளென்று ஏறியது.

"ஐயோ, என்ன தம்பி இப்படிக் கொதிக்கிறே?" என்று பதறியது.

"கொதிக்கிறேனா?" என்றது புதியவன். "நான் இன்னும் வேலையே தொடங்கலையே அண்ணே!"